இடது கையில் இருந்தது என்ன?

அத்தியாயம் ஏழு

கோட்டுக்காரரின் கோட்டில் பைகளுக்குக் குறைவே இல்லை. குறை என்னவென்றால், அவற்றில் ஒன்றுகூட இப்போது அவருடையதாக இல்லை. இடது பையில் உதவியாளர் வாலுவின் கைபேசி. வலது பையில் அவளுடைய வண்டிச் சாவி. உள்பையில் அவளுடைய சீப்பு. அதற்கும் உள்ளே இருந்த இன்னொரு பையில் அவள் பாதி தின்றுவிட்டு மடித்துக் கொடுத்த பிஸ்கட் பொட்டலம். துப்பறிந்து பிழைக்கும் ஒரு மனிதர் தன் மூக்குக்கண்ணாடியை எடுக்க, முதலில் அடுத்தவள் பிஸ்கட்டை எடுத்து மேசையில் வைக்க வேண்டியிருந்தது.

வாலு என்பது அவள் பெயர் இல்லை. சின்ன வயதில் வீட்டார் வைத்த பட்டம். இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகும் அது அவளை விட்டுப் போகவில்லை; போகும்படி அவளும் நடந்துகொள்ளவில்லை.

"பாஸ், பிஸ்கட் இருக்கட்டும். வீடியோவப் பாருங்க" என்றாள்.

கம்பெனியின் எம்.டி. அறையில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே எம்.டி. அம்மா. சாம்பல் நிற உடை, நேராக வாரிய தலை, அழுது முடித்துவிட்டு முகம் கழுவியவரின் கண்கள். மருத்துவமனைகளில் ஒருவர் மருந்து இன்னொருவருக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளும் மென்பொருளைத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கியவர். இன்றைக்கு அது ஒரு முழுக் கட்டடம். முதல் போட்டவர் மாமனார், அவர்தான் சேர்மன். கொழுந்தனார் விற்பனைத் தலைவர். கணவருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஆகாது. அவர் பல் மருத்துவர்.

நேற்றுக் காலையில் இயக்குநர்கள் எல்லோருக்கும் யாரோ ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். அதில் எம்.டி. இதே அறையில், இதே ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டு, எதிரே இருக்கும் முகம் தெரியாத ஆளிடம் சொல்கிறார்: "மொத்த புரோகிராமையும் உங்க கம்பெனிக்கு அனுப்பிடறேன். இங்க ஒருத்தருக்கும் தெரியாது. அப்புறம் நானும் உங்க பக்கம் வந்துடறேன்."

போட்டிக் கம்பெனிக்கு வீட்டையே பெயர்த்துக் கொடுக்கிற பேச்சு. இன்று பிற்பகல் இயக்குநர்கள் கூடுகிறார்கள். ராஜினாமாக் கடிதம் தட்டச்சாகி, கையெழுத்துக்கு மட்டும் காத்திருக்கிறது.

கோட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இது நீங்கள்தானா என்று கேட்டார். எம்.டி. அசராமல் பதில் சொன்னார்.

"முகம் என்னுது. குரல் என்னுது. போட்டிருக்கிற டிரெஸ்ஸும் இதோ, இதேதான். வேணும்னேதான் இன்னிக்கு இதைப் போட்டுட்டு வந்தேன். பேச்சு மட்டும் என்னுது இல்ல."

கம்ப்யூட்டரை வைத்து யாரோ செய்த போலி என்றார். இந்தக் காலத்தில் ஒருவர் பேசிய பழைய வீடியோக்களைத் தீனியாகப் போட்டால், அவர் பேசாததையும் அது பேசிக் காட்டிவிடும். ஆனால் நிரூபிக்க முடியவில்லை. கம்பெனியின் தலைமைப் பொறியாளர், எல்லோரும் தாடி என்று கூப்பிடுகிறவர், தன் ஆட்களோடு உட்கார்ந்து அலசியிருக்கிறார். போலிதான், ஆனால் எங்கே பிசகு என்று பிடிபடவில்லை என்று கண் கலங்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"வேலை போறது கூடப் பரவாயில்ல" என்றார் எம்.டி. "மாமா அந்த வீடியோவைப் பார்த்துட்டு, இது நீதானாம்மான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நேரா வக்கீலக் கூப்பிட்டுட்டார். அதுதான் தாங்கல."

கோட்டுக்காரருக்கு ஆறுதல் சொல்ல வராது. அவர் பிஸ்கட் பொட்டலத்தை எம்.டி. பக்கம் நகர்த்தினார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான், அதுவும் வாலுவுடையது.

வாலு அந்த வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எம்.டி. மேடையில் பேசிய பழைய வீடியோக்களைக் கேட்டு வாங்கி ஓடவிட்டாள். மாநாடு, கல்லூரி விழா, விருது விழா. ஒன்றையும் முழுதாகப் பார்க்கவில்லை, பேச்சையும் கேட்கவில்லை. சட்டென்று நிமிர்ந்தாள்.

"மேடம், எல்லா மேடையிலயும் இடது கைய மூடியே வச்சிருக்கீங்களே. உள்ள என்ன இருக்கு?"

"மைக் பெட்டி" என்றார் எம்.டி., இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல. "கழுத்துல சின்னதா மைக்கைக் குத்துவாங்க. அதுலேர்ந்து ஒரு ஒயர் வரும். ஒயர் முனையில தீப்பெட்டி மாதிரி ஒரு பெட்டி. அதை எங்கயாவது வைக்கணும்."

பெல்ட்டில் மாட்டிக்கொள்ளலாமே, இல்லை பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாமே என்றார் கோட்டுக்காரர்.

இரண்டு பெண்களும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். கோட்டுக்காரர் குனிந்து, புடைத்துக்கொண்டிருந்த தன் கோட்டுப் பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இத்தனை வருஷமாக அவள் சோம்பேறித்தனத்தால் கொடுக்கிறாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"எங்க டிரெஸ்ல பாக்கெட் வைக்க மாட்டாங்க பாஸ். எனக்கு நீங்க இருக்கீங்க. மேடத்துக்குக் கைதான் இருக்கு."

பிறகு அவள் போலி வீடியோவை ஓடவிட்டாள். எம்.டி. தன் சொந்த அறையில், சொந்த ஜன்னல் ஓரமாக, மைக்கே இல்லாத இடத்தில், ரகசியம் பேசிக்கொண்டிருக்கிறார். இடது கை இறுக மூடியிருக்கிறது. உள்ளே எதுவும் இல்லை. கடைசிவரை அந்தக் கை திறக்கவே இல்லை.

மேடைப் பேச்சுகளைத் தீனியாகப் போட்டிருக்கிறார்கள். இந்த அம்மாள் பேசும்போது இடது கையை மூடிக்கொள்வார் என்று கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டுவிட்டது. அது அப்பாவி, பார்த்ததைச் செய்தது.

எம்.டி.யின் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. கோட்டுக்காரர் அதற்குத் தடை போட்டார். நமக்கு இது போதும், இயக்குநர்களுக்குப் போதாது. கையை மூடிக்கொள்வது அந்த அம்மாவின் பழக்கம் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். செய்த ஆள் வேண்டும்.

ஆள் யார் என்பதற்கு வீடியோவே கொஞ்சம் வழிகாட்டியது. பின்னால் தெரியும் சுவர்க் கடிகாரத்தைப் போன வாரம்தான் மாட்டினார்கள். அதற்குப் பிறகு உள்ளே வந்து அறையைப் படம் எடுத்தவர்தான் இதைச் செய்திருக்க வேண்டும். இந்த அறைக்கதவு விரல் வைத்தால்தான் திறக்கும். எம்.டி.யைத் தவிர மூன்று பேர் விரலுக்குத்தான் அது திறக்கும். கொழுந்தனார், நிதி அதிகாரி, தாடி. மூன்று பேருமே ஒரு காலத்தில் புரோகிராம் எழுதியவர்கள். நிதி அதிகாரிகூட அதில் முதுகு வலி வந்த பிறகுதான் கணக்குப் பக்கம் போனாராம்.

கோட்டுக்காரர் யோசித்தார். பிறகு சம்பந்தமே இல்லாதது போல ஒன்று கேட்டார்.

"புரோகிராம் எழுதறவங்ககிட்ட, நீங்க எழுதினதுல ஒரு தப்பு இருக்குன்னு சொன்னா என்ன செய்வாங்க?"

"முதல்ல இல்லவே இல்லைன்னு சாதிப்பாங்க" என்றார் எம்.டி. "அப்புறம் யாரும் பார்க்காத நேரத்துல திருத்திடுவாங்க."

"திருத்தாம விட்டுட மாட்டாங்களா?"

"தப்பு இருக்குன்னு தெரிஞ்சப்புறமா? சோறு இறங்காது சார். நானும் அப்படித்தான்."

கோட்டுக்காரர் எழுந்துகொண்டார். அந்த வீடியோவில் இன்னும் இரண்டு பிசகு தேடச் சொன்னார். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்த பிறகு அது பெரிய வேலையாக இல்லை. சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள் நகரவே இல்லை. மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளைக்கு நிழல் இல்லை. கையோடு சேர்த்து மூன்று பிசகு. ஆளும் மூன்று பேர். ஆளுக்கு ஒன்றாகக் காதில் போட்டுவிட்டு, எது திருந்தி வருகிறது என்று பார்ப்பதுதான் திட்டம்.

வாலு தாழ்வாரத்திலேயே பந்தயம் கட்டினாள். கொழுந்தனார்தான். அண்ணி எழுந்தால் நாற்காலி அவருக்கு. இதற்குத் துப்பறிவாளர் எதற்கு, பச்சைக் குழந்தை சொல்லும். தான் தோற்றால் ஒரு வாரம் தன் சாமான்களைத் தானே சுமப்பதாக வாக்குக் கொடுத்தாள். கோட்டுக்காரர் மறு பேச்சுப் பேசாமல் ஒப்புக்கொண்டார். யார் குற்றவாளி என்பதில் அவருக்குக் கருத்து இல்லை. கோட்டு லேசாகும் என்பதில் இருந்தது.

கொழுந்தனார் தன் அறையின் கண்ணாடிச் சுவரைப் பார்த்து நின்றபடி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். "கனத்த இதயத்தோடு இந்தப் பொறுப்பை..." என்ற இடத்தில் இவர்கள் உள்ளே நுழைந்தார்கள். அவர் கொஞ்சமும் கூச்சப்படாமல், அண்ணி பாவம் என்றார். கோட்டுக்காரர் குரலைத் தாழ்த்தி, கடிகார முள் நகராத விஷயத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன் என்றார். கொழுந்தனார் ஆச்சரியப்பட்டார். ஆச்சரியத்திலும் கண்ணாடியில் முடியைச் சரி செய்துகொண்டார்.

நிதி அதிகாரியிடம் குவளைக்கு நிழல் இல்லை என்றார்கள். உங்களிடம் மட்டும். அவர் வெகு நேரம் யோசித்துவிட்டு, அந்தக் குவளை கம்பெனிச் சொத்து என்பதைத் தெரிவித்தார். வேறு எதையும் தெரிவிக்கவில்லை.

தாடியின் அறையில் நாலைந்து திரைகள் ஓடிக்கொண்டிருந்தன. மனிதர் நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. இவர்கள் உட்காருவதற்குள், எப்படியாவது மேடத்தைக் காப்பாற்றுங்கள் என்று வாலுவின் கையைப் பிடித்துக்கொண்டார். வாலுவுக்கே மனசு இளகிவிட்டது. கோட்டுக்காரர் சொன்னார்:

"வீடியோவுல அந்த இடது கை இயல்பா இல்ல சார். மத்தியானம் இயக்குநர்களுக்கு அதைத்தான் காட்டப் போறோம். உங்ககிட்ட மட்டும் சொல்றேன்."

"கையா? கையில என்ன?"

"அது சரியாத் தெரியல. நிக்கிறவங்க கை அப்படி இருக்காது இல்லையா?"

தாடி தாடியைத் தடவினார். நல்ல செய்தி என்று இரண்டு முறை சொன்னார்.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. கீழே கேன்டீனில் போய் உட்கார்ந்தார்கள். பொத்தானை அழுத்தினால் காபி வரும் என்று எழுதியிருந்த இயந்திரத்தில் வெந்நீர் வந்தது. வாலு அந்த வெந்நீரை ஊதி ஊதிக் குடித்தபடி, கொழுந்தனாரின் கண்கள் எவ்வளவு கள்ளத்தனமானவை என்று விளக்கிக்கொண்டே இருந்தாள். இடையில் கைபேசி அடித்தது. கோட்டுக்காரர் தன் இடது பையிலிருந்து அதை எடுத்து அவளிடம் நீட்டினார். பேசியவர் எம்.டி.

வந்துவிட்டது. இரண்டாவது வீடியோ. முதலில் வந்தது மங்கலான பிரதி, இதோ தெளிவான அசல் என்ற குறிப்போடு எல்லா இயக்குநர்களுக்கும் வந்திருக்கிறது. கூட்டத்தை முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டார்கள்.

இயக்குநர்கள் அறையில் நீள மேசை. தலைமாட்டில் சேர்மன். பேரப்பிள்ளைகளைக் கொஞ்சும்போதுகூட முகத்தில் ஒரு கோடும் அசையாத மனிதர் என்று எம்.டி. சொல்லியிருந்தார். கம்பெனி எத்தனையோ விழா எடுத்திருக்கிறது; அவர் முன்வரிசையில் உட்கார்வாரே தவிர மேடை ஏறியதில்லை. மேசையைச் சுற்றி மற்ற இயக்குநர்கள், கொழுந்தனார், நிதி அதிகாரி, தாடி. ஓரமாக எம்.டி. அவர் முன்னால் ராஜினாமாக் கடிதமும் ஒரு பேனாவும்.

திரையில் வீடியோ ஓடியது. வாலு முதலில் கடிகாரத்தைப் பார்த்தாள். முள் அசையவில்லை. அவள் முகம் தொங்கிப்போனது. குவளையைப் பார்த்தாள். நிழல் இல்லை. பிறகு எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததை அவளும் பார்த்தாள். எம்.டி. ஜன்னல் ஓரமாக, அதே சாம்பல் நிற உடையில், அதே பேச்சைப் பேசிக்கொண்டிருக்கிறார். இடது கை மூடியிருக்கவில்லை. ஒய்யாரமாகப் பாக்கெட்டுக்குள் போயிருந்தது.

வாலுவுக்குச் சிரிப்பு முட்டியது. கோட்டுக்காரரின் முழங்கையைக் கிள்ளி அடக்கிக்கொண்டாள். அவர் முகம் மாறவில்லை. முழங்கை மட்டும் நகர்ந்தது.

சேர்மன் தொண்டையைச் செருமினார். முதல் வீடியோவில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது, இதில் அதுவும் இல்லை என்றார். கடிதத்தைப் பார்த்து, கையெழுத்துப் போட்டுடும்மா என்றார். எம்.டி. பேனாவைத் தொடவில்லை.

கோட்டுக்காரர் எழுந்து, அந்த வீடியோவில் நிற்பதுபோல இங்கே ஒரு முறை நின்று காட்ட முடியுமா என்று எம்.டி.யிடம் கேட்டார்.

எம்.டி. ஜன்னல் ஓரமாகப் போய் நின்றார். திரையில் இருந்த அதே உடை. இடது கையை இடுப்புக்குக் கொண்டுபோய் உள்ளே விடப் பார்த்தார். கை துணிமேல் வழுக்கிக்கொண்டு தொடைவரை போயிற்று. திரும்பவும் விட்டுப் பார்த்தார். திரும்பவும் வழுக்கியது. இன்னும் ஒரு முறை, நிதானமாக, எல்லோருக்கும் தெரியும்படி. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆண்களில் சிலர் பாக்கெட்டில் கையை விட்டிருந்தார்கள். ஒவ்வொருவராகச் சத்தம் போடாமல் வெளியே எடுத்தார்கள்.

"பாக்கெட் இல்லையா?" என்றார் சேர்மன்.

"இல்ல மாமா."

"வேற டிரெஸ்ல?"

"எதுலயும் இல்ல மாமா. அத்தைகிட்ட கேட்டுப் பாருங்க."

சேர்மன் மனைவியோடு ஒரு ஆயுளே வாழ்ந்தவர். அவர் முகத்தில் முதல் முறையாக ஒரு கோடு அசைந்தது.

அதற்குமேல் கோட்டுக்காரர் அதிகம் பேசவில்லை. மூன்று பேரிடம் மூன்று பிசகைச் சொன்னதைச் சொன்னார். கடிகாரம் நின்றது நின்றபடி இருக்கிறது, ஆகவே கொழுந்தனார் அல்ல. குவளைக்கு இன்னும் நிழல் முளைக்கவில்லை, ஆகவே நிதி அதிகாரி அல்ல. கையைப் பற்றிச் சொன்னது ஒரே ஒருவரிடம். கை மட்டும்தான் திருந்தி வந்திருக்கிறது. திருத்தியவர் ஆண் என்பதால், கைக்கு ஏதாவது இடம் வேண்டுமே என்று தேடியபோது தனக்குத் தெரிந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

எல்லோரும் தாடியைப் பார்த்தார்கள்.

அப்போதுகூட அவர் சாதித்திருக்கலாம். கோட்டுக்காரர் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். ஆனால் தாடி அவரைப் பார்க்கவே இல்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றிலிருந்து அந்த மனிதரைத் தின்னவிடாமல் செய்தது பயம் இல்லை, பச்சாதாபமும் இல்லை என்பது அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

"அந்தக் கை ஏன் மூடிக்கிட்டே வந்துச்சு?" என்றார் தாடி. "எத்தனை தடவை ஓட்டினாலும் விரல் பிரியவே மாட்டேன்னுது."

என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உறைத்ததும் அப்படியே நாற்காலியில் சரிந்தார். பிறகு மளமளவென்று கொட்டினார். இத்தனை வருஷம் அறைக்குள் உட்கார்ந்து தலையை உடைத்துக்கொண்டது அவர், கைதட்டு வாங்கியது மேடம். கொழுந்தனாருக்கு நாற்காலி போனால் அவருக்கு இந்த மென்பொருளில் ஒன்றும் தெரியாது, எல்லாவற்றுக்கும் தன்னிடம்தான் வர வேண்டியிருக்கும். இதைக் கேட்டுக் கொழுந்தனார் புண்பட்டதாகக் காட்டிக்கொண்டார்.

எம்.டி. திட்டவில்லை. திட்டியிருந்தால் தாடிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒவ்வொரு விழாவுக்கும் உங்களக் கூப்பிட்டேன். கூச்சமா இருக்கு, நீங்களே போங்க மேடம்னு சொன்னது நீங்கதான்" என்றார். அவர் குரல் உடைந்தது. அவர் அதை மறைக்கவில்லை. "இதச் செய்யறதுக்காக என் பேச்சு அத்தனையும் உக்காந்து பார்த்திருப்பீங்க. அவ்வளவு நேரம் பார்த்தும் கையில என்ன வச்சிருக்காங்கன்னு ஒரு தடவைகூட உங்களுக்குக் கேக்கத் தோணல. மைக் பெட்டி சார் அது. வைக்க இடம் இல்லாம பிடிச்சுட்டிருந்தேன்."

தாடி ஒரு கணம் யோசித்தார். ஓ, என்றார். கேள்விக்கு விடை கிடைத்த நிம்மதி அந்த நிலைமையிலும் அவர் முகத்தில் எட்டிப் பார்த்தது. பிறகு கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள்.

சேர்மன் எழுந்து வந்து, மருமகள் முன்னால் இருந்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். கிழித்ததை எங்கே போடுவது என்று தெரியாமல் தன் பாக்கெட்டிலேயே போட்டுக்கொண்டார்.

கட்டடம் முழுக்க வீடியோ விஷயம் பரவியிருந்தது. பெரிய கூடத்தில் எல்லா ஊழியர்களையும் கூட்டச் சொன்னார்கள், எம்.டி. நேரில் பேசுவதாக ஏற்பாடு. கோட்டுக்காரரும் வாலுவும் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றார்கள். பந்தயத்தில் தோற்ற வாலுவின் கைகளில் கைபேசி, சாவி, சீப்பு, பிஸ்கட் எல்லாம் குவிந்திருந்தன. மூக்கு அரித்தால் சொறிய வழியில்லை. அவள் பேச்சே இல்லாமல் நின்றாள். கோட்டுக்காரர் கொஞ்ச நேரம் அந்த அமைதியை அனுபவித்தார். பிறகு அவளைப் பார்க்காமலேயே கோட்டின் இடது பையை விரலால் விரித்துப் பிடித்தார்.

ஒலிபெருக்கி போடும் ஆள் எம்.டி.யின் கழுத்தில் மைக்கைக் குத்தினார். ஒயரைக் கீழே விட்டார். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே மாட்டுவது என்று வழக்கம்போல முழித்தார். எம்.டி. வழக்கம்போல இடது கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. அவர் முன்வரிசையைப் பார்த்தார்.

"மாமா, மேல வந்து இதைக் கொஞ்சம் பிடிங்க."

சேர்மன் தயங்கினார். பிறகு எழுந்து படியேறி மேடைக்கு வந்தார். பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஒயர் நீளம் இல்லை. ஆகவே அவர் மருமகளை ஒட்டிக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது. இந்தப் பக்கம் ஒரு அடி வைத்தால் மைக் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

அவர் குனிந்து பெட்டியைப் பார்த்தார். அது லேசாகத்தான் இருந்தது. தலையை மருமகள் பக்கம் சாய்த்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகக் கேட்டார்.

"இத்தனை வருஷமா இதைக் கையிலயே பிடிச்சிட்டுப் பேசினியாம்மா?"

மைக் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தின் கடைசி வரிசைவரை எல்லோருக்கும் அது கேட்டது. ஆமாம் மாமா என்று அவர் சொன்னதும் கேட்டது.